கிரேக்கத் தீவில் மலையுச்சிச் சிற்றாலயம்: ஸ்கோபெலோஸா, ரோட்ஸா, ஃபோலெகாண்ட்ரோஸா?

கிரேக்கத் தீவுகளுக்குப் போகலாம் என்று பேச்சு ஆரம்பித்தாலே யாராவது ஒருவர் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டுவார். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் செங்குத்துப் பாறை, அதன் தலையில் வெள்ளைச் சுவரோடு ஒரு குட்டிக் கோயில், பாறையை வளைத்து ஏறும் படிகள். அது ஸ்கோபெலோஸ் தீவில் இருக்கும் புனித யோவான் சிற்றாலயம், உள்ளூரில் ஆயியோஸ் இயோவானிஸ். 2008இல் வெளியான ‘மம்மா மியா’ படத்தின் கல்யாணக் காட்சிக்காக அந்தப் பாறையைக் காட்டியதிலிருந்து அதற்கு உலகம் முழுக்க ரசிகர்கள். “இங்கே போகணும், எப்படிப் போறது?” என்பதுதான் வழக்கமான கேள்வி. எப்படி என்பதைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இங்கேதான் போகணுமா என்று ஒரு தடவை யோசித்துவிடுவது நல்லது, ஏனென்றால் மலை மேல் கோயில் கிரேக்கத்தில் ஊருக்கு ஒன்று இருக்கிறது, அவற்றில் சில இதைவிடச் சுலபமானவை, ஓரிரண்டு இதைவிட நல்லவை.

என் கணக்கு இதுதான். மேலே ஏறுவது இந்த மூன்று தீவிலும் பெரிய வேலை இல்லை; சாதாரணமாக நடக்கிறவர்கள் அரை மணிக்குள் ஏறிவிடுவார்கள். அந்தத் தீவில் கால் வைப்பதற்கு எத்தனை பஸ், எத்தனை படகு, எத்தனை மணி நேரம் என்பதும், உச்சியில் நிற்கும்போது கடிகாரத்தில் மணி என்ன என்பதும்தான் நிஜமான வித்தியாசம். படத்தைப் பார்த்து முடிவு பண்ணுகிறவர்களுக்கு இந்த இரண்டுமே தெரிய வழியில்லை.

முதலில் ஸ்கோபெலோஸ். வடக்கு ஸ்போரடீஸ் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது, விமான நிலையம் கிடையாது. பக்கத்துத் தீவான ஸ்கியாதோஸில் உண்டு, அதுவும் விமானம் தலையை உரசுவது போல இறங்கும் குட்டி ஓடுபாதை. ஏதென்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு வழி, பஸ்ஸில் நாலைந்து மணி நேரம் பயணித்து வோலோஸ் துறைமுகம், அங்கிருந்து படகு. வேகப் படகென்றால் இரண்டரை மணி நேரம் போல, கார் ஏற்றும் பெரிய ஃபெர்ரி என்றால் இன்னும் கூட. சென்னையிலிருந்து தோஹா, துபாய் என்று எங்காவது மாறி ஏதென்ஸில் இறங்கியவருக்கு இந்தக் கடைசி முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரும் கடலும் சேர்ந்து ஒரு முழு நாளைத் தின்றுவிடும். திரும்பி வர இன்னொரு நாள். ஒரு வாரப் பயணத்தில் இரண்டு நாள் வழியிலேயே போய்விடுகிறது என்பதை எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தீவுக்குள் வந்த பிறகும் கதை முடியவில்லை. ஸ்கோபெலோஸ் நகரம் ஒரு பக்கம், சிற்றாலயம் இன்னொரு பக்கம், நடுவே முப்பது கிலோமீட்டர் அளவுக்கு வளைந்து வளைந்து போகும் பைன் காட்டு ரோடு. தீவு பஸ் க்ளோஸா என்ற மலைக் கிராமம் வரைக்கும், அதற்குக் கீழே இருக்கும் லூத்ராக்கி துறைமுகம் வரைக்கும் போகும், கோயிலுக்குப் போகாது. க்ளோஸாவிலிருந்து இன்னும் ஏழு கிலோமீட்டர் சொச்சம் இருக்கிறது. வாடகைக் கார் எடுப்பதுதான் சௌகரியம். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்துக்கொண்டு வர வேண்டும், அங்கே போய்க் கெஞ்சிப் பிரயோஜனமில்லை. வண்டி வலப்பக்கம் ஓட்ட வேண்டிய நாடு, கடைசிப் பகுதியில் எதிரே ஒரு வேன் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். தீவுகளில் நாலு சக்கர க்வாட் பைக் வாடகைக்குக் கிடைக்கும், இளசுகள் எல்லாம் அதில்தான் பறக்கும். இந்த ரோட்டில் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கார் ஓட்டாதவர்களுக்கு நிறையப் பேர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. ஸ்கியாதோஸில் தங்கிக்கொண்டு, காலைப் படகில் லூத்ராக்கியில் இறங்குவது. நகரத் துறைமுகத்துக்குப் போகும் படகைவிட இது ரொம்பச் சின்னப் பயணம், வேகப் படகில் கால் மணி, இருபது நிமிடம்தான். அங்கிருந்து டாக்சி, பத்து கிலோமீட்டர் அளவு. டாக்சிகள் குறைவு என்பதால் முதல் நாளே தங்கும் விடுதியில் சொல்லிப் பேசி வைக்க வேண்டும், அதோடு திரும்ப அழைத்துப் போகவும் அதே வண்டியைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். ஸ்கியாதோஸிலிருந்து சுற்றுலாப் படகுகளும் உண்டு, ஆனால் டிக்கெட் வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாறையடியில் இறக்கி விடுவீர்களா, இல்லை கடலிலிருந்தே காட்டிவிட்டுப் போய்விடுவீர்களா? கடலிலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும், கழுத்தை அண்ணாந்து பாறையின் மொத்த உயரத்தையும் பார்க்கலாம். ஆனால் ஏற வந்தவருக்கு அது சாப்பாட்டு இலையைக் காட்டிவிட்டு எழுப்பிவிட்ட மாதிரி.

பாறை நூறு மீட்டர் உயரம் இருக்கும். படிகள் சுமார் 200, எண்ணுகிறவர்கள் ஆளுக்கு ஓர் எண் சொல்கிறார்கள். பாறையிலேயே வெட்டியவை, ஓரத்தில் கைப்பிடி உண்டு, சில இடங்களில் படி உயரம் ஒன்றுக்கொன்று ஒட்டாது. நிழல் பேருக்குத்தான். மேலே போனதும் முதலில் தோன்றுவது, இவ்வளவு சின்னதா என்பதுதான். படத்தில் கல்யாணக் கூட்டமே உள்ளே இருந்ததே என்றால், உட்புறக் காட்சிகளை அவர்கள் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். உண்மையான கோயிலுக்குள் ஒரு சின்னக் குடும்பம் நின்றாலே நெரிசல்தான். போஸ்ட்கார்டில் வரும் நீலக் குவிமாடமும் கிடையாது, அது சாண்டோரினி போன்ற சிக்லடீஸ் தீவுகளின் பாணி. இங்கே ஓட்டுக் கூரை. உள்ளே மரத் தடுப்பில் புனிதர் படங்கள், மணல் நிரப்பிய தட்டு, அதில் குத்தி வைக்கப்பட்டுப் பாதியில் வளைந்து நிற்கும் மெல்லிய தேன்மெழுகுத் திரிகள், பக்கத்தில் உண்டியல். காசைப் போட்டுவிட்டு ஒரு திரியை ஏற்றி மணலில் நட்டு வைப்பதற்கு யாரும் மதம் கேட்பதில்லை. பாறை உச்சியில் இரவில் வெளிச்சம் தெரிந்ததாகவும், மீனவர் ஒருவர் ஏறிப் பார்த்தபோது யோவானின் படம் கிடைத்ததாகவும், கீழே கொண்டுபோன படம் திரும்பத் திரும்ப மேலேயே வந்து சேர்ந்ததால் அங்கேயே கோயில் கட்டியதாகவும் கதை சொல்கிறார்கள்.

நேரம் முக்கியம் என்றேனே, இங்கேதான் அது ரொம்ப முக்கியம். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் கடலும் அலோனிஸோஸ் தீவும் மென்மையான வெளிச்சத்தில் தெரியும், உச்சியின் மேடை அநேகமாக உங்களுடையதுதான். நடுப்பகலை ஒட்டிச் சுற்றுலாக் கூட்டம் வந்து சேர்ந்த பிறகு அதே மேடையில் வரிசையில் நின்று படமெடுக்க வேண்டும், படிகளில் இறங்குகிறவரும் ஏறுகிறவரும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு போக வேண்டும், வெயில் வேறு பாறையில் பட்டு முகத்தில் அடிக்கும். இதனால்தான் ஸ்கோபெலோஸில் குறைந்தது இரண்டு மூன்று ராத்திரி தங்க முடியாதவர்களிடம், இந்தத் தீவை விட்டுவிடுங்கள் என்று சொல்கிறேன். தங்க முடிந்தால் தீவே அருமையானது, பைன் மரங்கள் கடல் வரைக்கும் இறங்கி வரும், சீஸ் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிக்கும் மாவுப் பலகாரத்தை அங்கே காலை டிபனாகவே சாப்பிடலாம், கோயில் ஒரு காலைப்பொழுதின் வேலையாகிவிடும்.

இதற்கு நேர் எதிர், ரோட்ஸ் தீவின் த்ஸம்பிகா. ஏதென்ஸிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம், பெரிய விமான நிலையம், பஸ் வசதி, எல்லா விலையிலும் ஹோட்டல். ரோட்ஸ் நகரத்திலிருந்து லிண்டோஸ் போகும் வழியில் சுமார் 26 கிலோமீட்டரில், கடலோரமாகக் கூம்பு போல நிமிர்ந்து நிற்கும் குன்றின் உச்சியில் மாதா கோயில். கீழே பிரதான சாலையை ஒட்டி ஒரு பெரிய மடாலயம் இருக்கிறது, அதோடு திருப்திப்பட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. நமக்கு வேண்டியது மேலே இருப்பது. செங்குத்தான ஒரு கான்கிரீட் ரோடு பாதி மலை வரைக்கும் கொண்டுபோய் விடும், அங்கிருந்து மரங்களுக்கு நடுவே சுமார் 300 படிகள். ஸ்கோபெலோஸைவிட எண்ணிக்கை அதிகம், ஆனால் படிகள் அகலமானவை, இடையிடையே நின்று மூச்சு வாங்க இடமும் நிழலும் உண்டு. மூட்டு வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், முழுக்க ஏற முடியாவிட்டாலும் கார் நிற்கும் இடத்திலிருந்தே கடற்கரை தெரியும்.

த்ஸம்பிகாவின் விசேஷம் காட்சி மட்டும் இல்லை. குழந்தை வரம் கேட்டு வருகிறவர்களின் மலை இது. பிள்ளை இல்லாத பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு படியேறி வேண்டிக்கொள்வார்கள். பிறந்தால் மாதாவின் பெயரையே வைப்பார்கள், ஆண் என்றால் த்ஸம்பிகோஸ், பெண் என்றால் த்ஸம்பிகா. கிரேக்கத்தில் எங்கேயாவது இந்தப் பெயரில் ஒருவரைப் பார்த்தால் ரோட்ஸ் குடும்பமா என்று தைரியமாகக் கேட்கலாம். உள்ளே மெழுகில் செய்த குழந்தை உருவங்களும் தகட்டில் அடித்த காணிக்கைகளும் இருக்கும். திருவிழா செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள். நம் வேளாங்கண்ணித் திருவிழா முடியும் அதே நாள், இரண்டு ஊரும் கொண்டாடுவது ஒரே பிறப்பைத்தான். 7ஆம் தேதி சாயந்திரத்திலிருந்தே மலையில் ஜனம் ஏறத் தொடங்கிவிடும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த இரண்டு நாளைத் தவிர்க்கலாம். எனக்கென்னவோ, வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் இங்கே போகலாம் என்றால் அந்த நாளைத்தான் எடுப்பேன். படம் பிடிக்க வந்த கூட்டத்துக்கும் வேண்டிக்கொள்ள வந்த கூட்டத்துக்கும் நடுவில் நிற்கும்போது இருக்கிற வித்தியாசம் அங்கே நன்றாகத் தெரியும்.

குறை என்னவென்றால் கோயில் கட்டடத்தைத் தூர இருந்து பார்க்கிற அழகு ஸ்கோபெலோஸ் அளவுக்கு இல்லை. அது ஒரு எளிய வெள்ளைக் கட்டடம், அவ்வளவுதான். அழகு முழுக்க அங்கிருந்து கீழே பார்ப்பதில்தான், ஒரு பக்கம் த்ஸம்பிகா கடற்கரையின் மணல் வளைவு, மறுபக்கம் கொலிம்பியா. கிழக்குப் பக்கம் என்பதால் இதற்கும் காலைதான் நல்லது. ரோட்ஸிலேயே கடல் மேல் பாறை, அதன் உச்சியில் வெள்ளைக் கோயில் என்ற காட்சிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு மேற்குக் கரையில் மொனொலிதோஸ் இருக்கிறது. யோவான் வீரத்துறவிகள் என்ற சிலுவைப் போர்க்கால அமைப்பினர் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையின் இடிபாடு, உள்ளே ஒரு வெள்ளைச் சிற்றாலயம், சாயங்கால வெயில் நேராக விழும். கார் இருந்தால் ஒரே நாளில் காலையில் த்ஸம்பிகா, மாலையில் மொனொலிதோஸ் என்று முடித்துவிடலாம், நடுவில் லிண்டோஸ் வேறு கிடைக்கும்.

மூன்றாவது ஃபோலெகாண்ட்ரோஸ். என் ஓட்டு யாருக்கு என்று கேட்டால் இதற்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: நீங்கள் எப்படியும் சாண்டோரினிக்குப் போகிறவராக இருக்க வேண்டும். அங்கிருந்து வேகப் படகில் ஒரு மணி நேரம் போல. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நேராக வருவதென்றால் வேகப் படகில் நாலு மணி நேரம் கடந்துவிடும், மெதுவான கப்பலில் பகல் முழுக்க. விமான நிலையம் இங்கேயும் இல்லை. கரவோஸ்டாஸிஸ் துறைமுகத்தில் படகு வந்து நிற்கும் நேரத்துக்கு பஸ் காத்திருக்கும், மூன்று கிலோமீட்டரில் ஹோரா. அதுதான் தீவின் தலைநகரம், இருநூறு மீட்டர் செங்குத்துப் பாறையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் கிராமம், உள்ளே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கும் பூண்டா சதுக்கத்திலிருந்தே, மேலே மலையில் வெள்ளைக் கோடாக வளைந்து வளைந்து ஏறும் பாதையும் அதன் முடிவில் பனாயியா என்ற மாதா கோயிலும் தெரியும். கார் வேண்டாம், டாக்சி வேண்டாம், யாரிடமும் வழி கேட்க வேண்டாம்.

ஏறக் கால் மணி, மெதுவாகப் போனால் இருபது நிமிடம். படி என்பதைவிடச் சரிவுப் பாதை என்பதே சரி, கல் பாவி ஓரத்தில் சுண்ணாம்பு அடித்திருக்கும், முழங்காலுக்கு இதமானது. இங்கே போக வேண்டியது மாலையில், ஏனென்றால் சூரியன் கடலில் இறங்குவதை முழுசாகப் பார்க்கலாம். ஊரில் பாதிப் பேர் அப்போது அங்கேதான் இருப்பார்கள், ஆனாலும் சாண்டோரினியின் ஓயா முனையில் முழங்கையால் இடித்துக்கொண்டு நிற்பதோடு ஒப்பிட்டால் இது கூட்டமே இல்லை. கதவு திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், பூட்டியிருந்தாலும் போன காரியம் கெடாது. இறங்கும்போது இருட்டிவிடும் என்பதால் போன் வெளிச்சத்துக்கு சார்ஜ் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வந்ததும் மாட்ஸாதா என்று கையால் வெட்டிய பட்டை நூடுல்ஸ் கிடைக்கும். பெரும்பாலும் முயல் கறியோ சேவலோ போட்டுத் தருவார்கள், சைவக்காரர்கள் தக்காளிக் குழம்போடு தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இதையே ஈஸ்டரில் பார்ப்பது வேறு ரகம். மேலே இருக்கும் மாதா படத்தை இறக்கி மூன்று நாள் ஊர்வலமாக வீடு வீடாகக் கொண்டுபோவார்கள், ஒவ்வொரு வீடும் வாசலைத் திறந்து வைத்துப் பலகாரத்தோடு காத்திருக்கும். கிரேக்க ஈஸ்டர் நம் ஊர் ஈஸ்டரோடு எல்லா வருஷமும் ஒத்துப்போகாது, 2027இல் மே 2ஆம் தேதி வருகிறது. தேதியைச் சரிபார்க்காமல் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

சரி, சாண்டோரினியிலேயே ஒன்றும் இல்லையா? இருக்கிறது. இமெரோவிக்லியிலிருந்து ஸ்கரோஸ் பாறைக்கு இறங்கிப் போய், அதைச் சுற்றிப் பின்பக்கமாக நடந்தால் தியோஸ்கெபாஸ்தி என்ற சிற்றாலயம், எரிமலைப் பள்ளத்தில் நிறைந்திருக்கும் கால்டெராக் கடலுக்கு மேலே தொங்குகிற மாதிரி. இங்கே கணக்கு தலைகீழ்: போகும்போது இறக்கம், திரும்பும்போதுதான் ஏற்றம், அதனால் களைப்பு கடைசியில் வந்து நிற்கும். நிழல் துளியும் இல்லை. ஸ்கரோஸில் இருந்த வெனீஸ்காரர்களின் கோட்டை ஊர்தான் ஒரு காலத்தில் தீவின் தலைநகரம் என்பதை இன்று அந்த மொட்டைப் பாறையைப் பார்த்து நம்புவது கஷ்டம். சாண்டோரினியில் இரண்டே நாள், வேறு தீவுக்கு நேரம் இல்லை என்பவர்களுக்கு இது போதும், அதுவும் காலை ஏழு மணிக்கு. தீவின் மிக உயர்ந்த இடமான 567 மீட்டர் ப்ரோஃபிதிஸ் இலியாஸுக்குக் கார் மேலே வரைக்கும் போகும், ஆனால் பக்கத்திலேயே ராணுவ ரேடார் கம்பங்கள். காட்சிக்குப் போகலாம், கோயிலுக்காகப் போக வேண்டாம்.

அமோர்கோஸ் தீவின் ஹோஸோவியோடிஸா பற்றிக் கேட்பார்கள். 1088இல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்ஸியோஸ் ஆதரவு தந்த மடாலயம், செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சுவர். பிரமாதம், ஆனால் அது மடாலயம், குட்டிக் கோயில் இல்லை, அதற்கென்று நேர விதிகள் உண்டு. அனாஃபித் தீவின் கலமியோடிஸா சிற்றாலயம், கடலிலிருந்து நானூற்றைம்பது மீட்டருக்கு மேல் நேராக எழும் காலமோஸ் பாறையின் உச்சியில் இருக்கிறது, அடிவாரத்திலிருந்தே ஒரு மணி நேர ஏற்றம். மலையேற்றம் பழகியவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே போகலாம். மற்றவர்களுக்கு வேண்டாம், படகும் வாரத்தில் சில நாட்கள்தான்.

எந்தத் தீவாக இருந்தாலும் மாதத்தை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று வீசும், வானம் பளிச்சென்று இருக்கும்போதே படகை நிறுத்திவிடுவார்கள், முதலில் நிற்பது வேகப் படகுகள்தான். உச்சியில் அந்தக் காற்று தொப்பியையும் துப்பட்டாவையும் சும்மா விடாது, சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பு விழாவை ஒட்டிக் கிரேக்கர்களே ஊர் ஊராகக் கிளம்பிவிடுவதால் படகில் இடமும் அறையும் கிடைப்பது குதிரைக்கொம்பு. மே கடைசி, ஜூன் ஆரம்பம், அல்லது செப்டம்பர். ரோட்ஸுக்கு அக்டோபர் நடுவரைக்கும் கூடப் போகலாம், அங்கே குளிர் தாமதமாகத்தான் வரும்.

உடை விஷயத்தில் நம் ஆட்களுக்குச் சிரமம் இல்லை, சுடிதாரும் முழுப் பேண்டும் எங்கேயும் செல்லும். தோளும் முழங்காலும் மூடியிருந்தால் சரி. அரை டிரவுசரோடு ஏறுகிற ஆண்கள்தான் வாசலில் நிற்க வேண்டி வரும். மணிக் கயிறு தொங்கினால் இழுத்துப் பார்க்காதீர்கள். இவற்றில் நிறையச் சிற்றாலயங்களை ஏதாவது ஒரு குடும்பம்தான் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்துப் பராமரிக்கும், அது யாரோ ஒருவருடைய குலக்கோயில் மாதிரி. தண்ணீர் பாட்டிலைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், உச்சியில் கடை கிடையாது. வழுக்காத செருப்பு போதும், ஷூ கட்டாயமில்லை.

ஆக, அப்பா அம்மாவோடு முதல் தடவை போகிறீர்கள் என்றால் ரோட்ஸ், மறுபேச்சு வேண்டாம். இரண்டு பேராக, சாண்டோரினி எப்படியும் பட்டியலில் இருக்கிறது என்றால் அங்கே ஒரு ராத்திரியைக் குறைத்து ஃபோலெகாண்ட்ரோஸில் இரண்டு ராத்திரி போடுங்கள். ‘மம்மா மியா’வை நாலைந்து தடவை பார்த்தவர், அந்தப் பாறையைத் தவிர வேறெதுவும் மனசுக்கு ஆகாது என்றால் ஸ்கோபெலோஸுக்கே போங்கள், க்ளோஸா பக்கம் அறை எடுத்துக்கொண்டால் காலையில் பாறைக்கு முதல் ஆளாகப் போய்விடலாம். ரோட்ஸ் தவிர மற்ற இரண்டுக்கும் படகை நம்பித்தான் திரும்ப வேண்டும், அதனால் ஊருக்கு விமானம் ஏறும் நாளுக்கு முதல் ராத்திரியை ஏதென்ஸில் வைத்துவிட்டு அப்புறம் மற்ற டிக்கெட்டுகளைப் போடுங்கள்.